கடல் கொண்டவனின் கைநாட்டு

வீரபத்திரனை எரித்து மூன்று வாரம் கழித்து, அவன் பெயருக்குச் சர்க்காரின் புயல் நிவாரணம் வந்தது.

எரித்தது ஆளை அல்ல, வைக்கோலை. அறுபத்து நாலாம் வருசம் மார்கழியில் தனுஷ்கோடியைக் கடல் வாரிச் சுருட்டிக்கொண்டு போன ராத்திரி, மிளகாய் வற்றல் விற்கப் போயிருந்த வீரபத்திரனும் அதோடு போனான். அவன் பெண்டாட்டி ராமலெட்சுமி நாற்பது நாள் தங்கள் ஊர் ஆவாரவலசைக்கும் மண்டபத்துக் கரைக்கும் நடையாய் நடந்தாள். ஒதுங்கிய பிணங்களையெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் அவள் புருசனாக இல்லை. நாற்பத்தோராம் நாள் தை அமாவாசை. கொழுந்தன் முத்தழகு, அண்ணன் படப்பில் கிடந்த பழைய வைக்கோலை உருவி ஆள் உருவமாகக் கட்டினான். அதற்கு அண்ணன் வேட்டியைச் சுற்றி, கடற்கரையில் கிடத்திக் கொள்ளி வைத்தான். ராமலெட்சுமி தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டாள்.

அந்தக் கரையோரத்தில் கடல் கொண்டவர்களுக்கென்று தனிச் சட்டம் ஒன்று உண்டு. வைக்கோலை எரித்த நாளிலிருந்து ஒரு வருசத்துக்கு, அவன் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் செத்தவனுக்குத் தாகம் அடங்காதாம். ஒரு மடக்குக் கொடுத்தால், கொடுத்தவள் உயிரையும், அவள் வயிற்றில் பிறந்ததுகளின் உயிரையும் சேர்த்துக் குடித்துவிட்டுத்தான் போவானாம். யார் பார்த்தது, யாரைக் குடித்தான் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவனுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குத்தான் நம் ஆட்கள் உயிரைக் கொடுத்துக் கட்டுப்படுவார்கள்.

இப்படி இருக்கும்போது கணக்குப்பிள்ளை ராமசுப்பிரமணியன் நிவாரணப் பட்டியலோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ராமலெட்சுமி, உப்பு ஏறுன வயலுக்கெல்லாம் ஏக்கருக்கு இவ்வளவுன்னு சர்க்கார் குடுக்குது தாயி. ஒன் வீட்டுக்காரன் பேரும் இருக்கு."

"அவுகதான் இல்லையேய்யா."

"அதான் சிக்கல். பட்டாக்காரன் செத்திருந்தா செத்த சர்ட்டிபிகேட்டு வேணும். பொணம் இல்லாம சர்ட்டிபிகேட்டு இல்ல. பொணம் கெடைக்காதவன் ஏழு வருசம் கழிச்சுத்தான் செத்தவன்."

"அப்ப உசுரோட இருக்காகன்னு எழுதிக் குடுங்களேன்."

"உசுரோட இருந்தா வயல்ல வந்து நிக்கணும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதான் ஆர்.ஐ., அவரு கண்ணு முன்னாடி பேரக் கூப்பிடுவாக. இருக்கேன்னு சொல்லிக் கைநாட்டு வைக்கணும். அப்பத்தான் பணம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். தீயில் வெந்தவன் தாளில் சாகாமல் இருந்தான், தாளில் இருந்தவன் வயலில் வந்து நிற்க வேண்டுமாம்!

ராமலெட்சுமிக்கு அந்த இரண்டு ஏக்கர்தான் எல்லாம். கடல் தண்ணீர் பதினோரு நாள் அதில் நின்றுவிட்டு வடிந்திருந்தது. இப்போது வயல் பூராவும் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை. கோடைக்குள் ஆள் வைத்து உப்பை வழித்து வாய்க்கால் வெட்டினால், ஐப்பசி மழையில் கழுவிவிடலாம். தவறினால் உப்பு உள்ளே இறங்கிவிடும், அப்புறம் அது வயல் இல்லை. ஆள் வைக்க அவளிடம் என்ன இருக்கிறது? இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், மூத்தவளுக்கு எட்டு வயசு. ராத்திரிக் கஞ்சிக்கே பஞ்சம்மாள், அதுதான் முத்தழகின் பெண்டாட்டி, அரைப்படி கேப்பை அளந்து கொடுத்தால்தான் உண்டு.

கணக்குப்பிள்ளை குரலைத் தணித்துக்கொண்டார். "முத்தழகு அச்சு அசல் அண்ணன்தான். ஆர்.ஐ. மதுரைக்காரர், யாரையும் தெரியாது. ஒரு நாழி அண்ணனா நின்னுட்டா முடிஞ்சுபோச்சு."

"எரிச்ச மனுசன இருக்காருன்னு சொல்றதா? அதும் கடலப் பாத்த வயல்ல நின்னு, அவுக பேரக் கூப்பிட்டா? அடி ஆத்தே, வேண்டாம்யா!"

"வேண்டாட்டி விடு. அப்புறம் ஏழு வருசம் கழிச்சு வா."

முத்தழகு இரண்டு நாள் யோசித்தான். அவன் பயந்தவன், ஆனால் கெட்டவன் இல்லை. மூன்றாம் நாள் அண்ணன் மகள்கள் இரண்டு பேரும் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தான். "நிக்கிறேன் மதினி" என்று சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை உச்சிக்கு ஆர்.ஐ. வந்தார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கையில் குடை. ஊரிலிருந்து வயல் ஒரு மைல். கணக்குப்பிள்ளை, பேர் கூப்பிடுகிற தலையாரி, முத்தழகு, ராமலெட்சுமி, அவ்வளவு பேர்தான். துரைமாருக்குத் தாகம் எடுக்குமே என்று அவள் இடுப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோனாள். வயலுக்குக் கிழக்கே உடைமரப் புதர், அதற்கப்பால் மணல், மணலுக்கப்பால் கடல். புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு காக்கைகூடக் கத்துவதில்லை. நடக்கும்போது உப்புப் பொருக்கு காலடியில் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான்கு பேர் நடக்கையில் ஐந்து பேர் நடப்பது போல இருந்தது என்று தலையாரி பிற்பாடு சொன்னான். உண்மையில் நடந்தது ஐந்து பேர்தான், ஆர்.ஐ.யைச் சேர்த்து. பயத்துக்குக் கணக்கு ஏது!

ஆர்.ஐ. வரப்பில் நின்று அரைக்குடம் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். "நல்ல தண்ணி" என்றார். பதிவேட்டை விரித்தார்.

எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவர் மட்டும் எதிர்ப்புறம்.

தலையாரி தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டான். "ராக்கப்பன் மகன் வீரபத்திரன்!"

முத்தழகு வாயைத் திறந்தான்.

"ராக்கப்பன் மகன் வீரபத்திரன்!"

"இருக்கேன்யா."

சொன்னது முத்தழகு இல்லை. குரல் முதுகுக்குப் பின்னால், உடைமரப் பக்கமிருந்து வந்தது. கட்டைக் குரல், மணலை அரைத்த மாதிரி. ராமலெட்சுமி குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருசம் கூடப் படுத்து எழுந்த மனுசன் குரல் எந்தக் கட்டையில் வந்தாலும் தெரியாதா?

யாரும் திரும்பவில்லை. தலையாரி கண்ணை இறுக மூடிக்கொண்டான். கணக்குப்பிள்ளையின் உதடு கந்தசஷ்டி முருகனையோ காளியையோ கூப்பிட்டு அசைந்தது.

ஆர்.ஐ. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அங்கே யாரு நிக்கிறது?" என்றார்.

"யாரும் இல்லீங்க."

"சட்டை தெரியுதேய்யா."

"புயல்ல வந்து மாட்டுன கந்தல்ங்க. காத்துக்கு ஆடுது. இவன்தான் வீரபத்திரன்." கணக்குப்பிள்ளை முத்தழகின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார். அவன் விரலை இழுத்ததில் ரேகை இரண்டாக விழுந்தது. ஆர்.ஐ.க்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் பார்க்க வேண்டும். பதிவேட்டை மூடினார், நடந்தார்.

எல்லாரும் நடந்தார்கள். நடந்தார்கள் என்பது மரியாதைக்கு, ஆர்.ஐ.யை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் சரி. பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே முத்தழகு... ஏலே..."

முத்தழகு ஓடினான்.

ராமலெட்சுமியால் ஓட முடியவில்லை. கால் உப்புச் சேற்றில் புதைந்துவிட்டது. உருவி எடுப்பதற்குள் மற்றவர்கள் பனைமரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பின்னால் பொருக்கு நொறுங்கியது, ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு அடி, ஒரு இழுப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதற்கு இருட்டே வேண்டியதில்லை, பட்டப்பகல் போதும்.

"ஏ புள்ள."

கூடாது கூடாது என்று மனசு அடித்துக்கொள்ள, அவள் திரும்பிவிட்டாள்.

பத்தடியில் நின்றது. வீரபத்திரன் முகம்தான், ஆனால் தோல் திட்டுத் திட்டாக உரிந்து வெளுத்திருந்தது. இடது கண் மூடிக் கிடந்தது. தாடியெல்லாம் உப்புத்தூள். அவன் போட்டிருந்த கோடு போட்ட சட்டை இந்த ஊரில் எவனும் போடாத சட்டை. நிழல் இருக்கிறதா என்று பார்த்தாள். உச்சி வேளை, அவள் நிழலே அவள் காலடியில்தான் சுருண்டு கிடந்தது. பாதம் தரையில் பாவுகிறதா என்று பார்த்தாள். கணுக்கால் வரை சேறு, பாதமே தெரியவில்லை.

"புள்ள, தண்ணி."

அவன் கண் அவள் முகத்தில் இல்லை, குடத்தில் இருந்தது.

"ஒரு மடக்கு, புள்ள."

அந்த நேரத்தில் அவள் மனசு கிடந்த கிடையை யாரிடம் சொல்லி ஆற்றுவது? குடத்தைத் தூக்கி அப்படியே அவன் வாயில் ஊற்ற வேண்டும் என்று இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதே மூச்சில், வீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் கண்ணுக்கு வந்தார்கள். குனிந்து ஒரு கை உப்பு மண்ணை அள்ளினாள். அவனைப் பார்த்து வீசினாள்.

"உங்களுக்கு உள்ளதக் குடுத்தாச்சு," என்று கத்தினாள். "வந்த வழியே போயிருங்க. எம் பிள்ளைகள விட்டுருங்க!"

அவன் கையை நீட்டியபடியே மண்டியிட்டு உட்கார்ந்தான். ஏதோ சொன்னான், சத்தம் வரவில்லை. அவள் ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் குடத்துத் தண்ணீர் தளும்பித் தளும்பி வழியெல்லாம் கொட்டியது. வீட்டுக்கு வந்தபோது குடத்தின் அடியில் ஒரு கையளவுதான் மிச்சம் இருந்தது.

பஞ்சம்மாள் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. "பாத்தியாக்கா, நெடி வராட்டி பேய்தான். பேசுனது அதேதான்," என்றாள். நமுத்துப்போன மிளகாய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை ஆடு மேய்க்கப் போனவன் உடைமரப் பக்கம் முனகல் கேட்டதாகச் சொல்லி ஆட்டையெல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தான். வியாழக்கிழமை முத்தழகு எள்ளுச்சோறு உருட்டிக்கொண்டு போய், பனைமரத்தடியில் நின்று அங்கிருந்தே வீசிவிட்டு வந்தான். "மணல்ல பெறாண்டுற சத்தம் கேக்குது மதினி," என்றான். "நான் அவன் பேருக்குக் கைநாட்டு வச்சது அவனுக்குப் பிடிக்கல. என்னயத்தான் தேடுறான்."

ராமலெட்சுமி சோறு தின்னவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தால் அந்த நீட்டின கை முன்னால் வந்து நின்றது. செத்தவன்தான், செத்தவன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாற்பது நாள் பிணமாகப் புரட்டிப் பார்த்தபோதெல்லாம் இவர் இல்லை, இவர் இல்லை என்று சொன்ன அதே வாய்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்துக்கு மண்டபத்துத் தோணிக்காரர் சீனி முகம்மது தெருவில் வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. ராமலெட்சுமியின் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டுச் சற்றே தயங்கினார்.

"வீரபத்திரன் வீடு இதுதானே தங்கச்சி? ஆளு எப்பிடி இருக்காரு? காய்ச்சல் விட்டுச்சா?"

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மூட்டைய நம்ம தோணியிலயே விட்டுட்டு எறங்கிட்டாரு. மருந்தெல்லாம் இதுலதான் இருக்கு. அதான் கொண்டாந்தேன்."

"அண்ணே, என்ன சொல்றீக? யாரு?"

"என்னம்மா இது! செவ்வாக்கிழமை வெடிய மண்டபத்துல எறக்கிவிட்டேனே, வரலையா? அன்னிக்கிப் புயல்ல ஒரு கட்டையப் பிடிச்சுக்கிட்டு மெதந்து அக்கரையில ஒதுங்கியிருக்காரு. மன்னார்ப் பக்கம் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பேச்சே பாதிதான் வந்துச்சு. நான் சரக்கு ஏத்தப் போன எடத்துல ஊர்ப் பேரச் சொல்லி அழுதாரு, ஏத்திக்கிட்டு வந்தேன். வண்டி வச்சுத் தாரேன்னேன். வேண்டாம் பாய், கரையோடவே போனா எங்க வயல்தான் மொதல்ல வரும், பாத்துக்கிட்டே போயிருவேன்னாரு. அல்லாவே, மூணு நாளா ஆளு வரலையா?"

பஞ்சம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ராமலெட்சுமி தொட்டித் தண்ணீரில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் சீனி முகம்மதும், அவர் பின்னால் முத்தழகும் ஓட, தெருவே திரண்டு ஓடியது. அன்றைக்கு ஒருவருக்கும் பேய் ஞாபகம் வரவில்லை.

அவன் வயலில் இல்லை. உடைமர நிழலில் கையால் ஒரு குழி தோண்டியிருந்தான், கரைக்காரர்கள் ஊற்றுக்குத் தோண்டுவது போல முழங்கை ஆழத்துக்கு. அதில் உப்புத் தண்ணீர் கசிந்து நின்றது. அங்கிருந்து பனைமரம் வரைக்கும் உப்புப் பொருக்கில் ஆள் இழுபட்ட தடம் கிடந்தது. தடத்தின் முடிவில், ஊரைப் பார்த்தபடி வீரபத்திரன் குப்புறக் கிடந்தான். எள்ளுச்சோற்றுப் பருக்கை இரண்டு அவன் தாடியில் ஒட்டியிருந்தது. வீசியதைத் தின்றிருக்கிறான்.

ராமலெட்சுமி அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து வாயில் தண்ணீரை ஊற்றினாள். அது கடைவாய் வழியாக வழிந்து உப்பில் இறங்கியது. மறுபடி ஊற்றினாள். குடம் காலியாகும் வரை ஊற்றினாள். சீனி முகம்மது வந்து மெதுவாக அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "போயிட்டாரு தங்கச்சி," என்றார். முத்தழகு அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு, "கூப்பிட்டியேடா, என்னயக் கூப்பிட்டியேடா," என்று மண்ணில் புரண்டான்.

இந்தத் தடவை வைக்கோல் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணக்குப்பிள்ளை இறப்புப் பதிவேட்டோடு வந்தார். புயலுக்குப் பிறகு, பிறப்பு இறப்பு எழுதுகிற கிராம முன்சீப் வேலையையும் அவர்தான் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சோகமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வீரபத்திரன் வயலில் உயிரோடு இருந்தான் என்று அவர் எழுதிக் கொடுத்த பொய், நிசமாகவே ஆகிப்போய்விட்டதல்லவா!

"இனிமே எந்தத் தடங்கலும் இல்ல தாயி. பொணம் கெடைச்சாச்சு, சர்ட்டிபிகேட்டு குடுத்துறலாம். நெவாரணம் ஒன் பேருக்கே மாறிரும். வயலுக்கு ஆள் விட்டுறலாம்." பேனா மூடியைத் திறந்தார். "செத்த நாள் வியாழன்னு போடவா?"

"செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமை கைநாட்டு வச்சிருக்கே..."

"செவ்வாக்கிழமை உச்சிக்கு. அதுக்கப்புறம் கெடந்தது உசுரு இல்லய்யா."

அவர் இரண்டுக்கும் நடுவாகப் புதன் என்று எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்துக்கு வந்தார். "சாவுக்குக் காரணம்னு ஒரு எடம் இருக்கு. புயல்னு போட்டா இன்னும் கொஞ்சம் சேத்துக் கெடைக்கும், ஆனா தேதி ஒத்துவராது. என்ன போட?"

ராமலெட்சுமி அவரை நேராகப் பார்த்தாள்.

"பொண்டாட்டின்னு போடுங்க."

"தாயி..."

"தண்ணி கேட்டாரு. இடுப்புல கொடத்த வச்சுக்கிட்டு நான் குடுக்கல. அதப் போடுங்கய்யா. கைநாட்டு நான் வைக்கிறேன்."

கணக்குப்பிள்ளை பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் காய்ச்சல் என்று எழுதினார்.